இழுத்ததால் வந்த நிறமா, வெயிலில் வந்த நிறமா?

போன ஏப்ரலில் ஏற்காட்டில் ஒரு சிறிய கருத்தரங்கு. ஆய்வகத்தில் நாங்களே வார்த்த, இழுத்தால் நிறம் மாறும் சிலிகோன் ரப்பர் பட்டை ஒன்றைக் காட்டலாம் என்று, கண்ணாடிக் கவரில் போட்டு பைக்கின் டேங்க் மேல் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்துப் பார்த்தால், யாரும் இழுக்காமலேயே பட்டை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது.

அந்த ரப்பர், சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகளால் (பாலிமர்) ஆனது. அந்தச் சங்கிலிகளின் நடுவே ஸ்பைரோபைரன் என்ற மூலக்கூறைக் கோத்திருந்தோம். சங்கிலி இறுகினால் அதில் ஒரு பிணைப்பு விட்டுப்போய் மெரோசயனின் என்ற நிறமுள்ள வடிவமாகும், நிறம் வரும். திடப் பாலிமரிலும் இது நடக்கும் என்று 2009-ல் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஆனால் புற ஊதா ஒளியும் அதே பிணைப்பைத் திறந்துவிடும். அதுதான் என் பைக் பயணத்தில் நடந்தது. இப்போதெல்லாம் பட்டை எவர்சில்வர் டப்பாவில்தான் மலையேறுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி நிறத்தைத் திரும்ப அழிக்கும். அளப்பதற்காக அடிக்கும் விளக்கே அளவைத் தின்றுவிடும். மங்கலான ஒளியில், சில நொடிகளில் அளந்து முடியுங்கள். சூடும் அப்படித்தான், வெளுப்பதை வேகப்படுத்தும். ஏசி இல்லாத சேலத்து ஆய்வகத்தில் காலையில் எடுத்த அளவையும் மதியம் எடுத்ததையும் ஒப்பிடவே கூடாது. இழுத்ததற்கும் படம் எடுத்ததற்கும் இடையே உள்ள நேரமும் எல்லாப் பட்டைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சரி, நிறம் விசையால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அதே மூலக்கூறை ஒரு முனையில் மட்டும் சங்கிலியோடு கட்டி இன்னொரு பட்டை வார்க்க வேண்டும். அதன் வழியாக விசை போகாது. அதையும் இழுத்துப் பாருங்கள். அதிலும் நிறம் வந்தால் காரணம் வேறு. பல புராஜெக்ட்களில் விட்டுப்போவது இந்தப் பட்டைதான்.

ரப்பரை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் தடிமன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஒளி கடக்கும் தூரமும் அவ்வளவு குறைகிறது. இதைத் திருத்தாமல் போட்ட வரைபடம் நிறத்தைக் குறைத்தே காட்டும்.

எனக்கு எரிச்சல் தருவது நிறத்தை அப்படியே விசையாக, நியூட்டன் கணக்கில் எழுதுவது. ஒற்றை மூலக்கூறை மில்லிநொடிக் கணக்கில் இழுத்த ஆய்வில் அது சுமார் 240 பிகோநியூட்டனில் திறந்தது (ஒரு பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). உடனே, ‘ஒவ்வொரு சங்கிலியிலும் 240 பிகோநியூட்டன்’ என்று எழுதிவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் எல்லாக் கயிறும் ஒரே மாதிரியா இறுகுகிறது? குட்டைச் சங்கிலிகள்தான் பெரும் சுமையைத் தாங்கும், மற்றவை தொளதொளவென்று கிடக்கும். எத்தனை சங்கிலிகள் திறந்தன என்பதைத்தான் நிறம் சொல்கிறது. மேலும், மெதுவாக இழுத்தால் அந்த 240-ஐ விடக் குறைந்த விசையிலேயே மூலக்கூறு திறந்துவிடும்.

அப்புறம், போனில் படம் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். பட்டை நிறம் மாற மாற, கேமராவும் தன் பங்குக்கு நிறத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும்.