இரு நாடுகளில் ஒருவருக்கு எவ்வளவு மக்காச்சோளம்? ஒப்பிடும் முறை

அமெரிக்கா ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் மக்காச்சோளம் விளைவிக்கிறது. மெக்சிகோவின் விளைச்சல் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் உணவாக ஒருவருக்குக் கிடைக்கும் மக்காச்சோளம் மெக்சிகோவில்தான் பல மடங்கு அதிகம். முதலில் நான் போட்ட அட்டவணை இதற்கு நேர்மாறாகக் காட்டியது. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் பிடித்தன.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ஃபாஸ்டாட் தளத்துக்குச் செல்லுங்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. அங்கே ‘ஃபுட் பேலன்சஸ்’ என்ற தலைப்பில் இரண்டு தொகுப்புகள் இருக்கும். பழையது 1961 முதல் 2013 வரை. புதியது 2010 முதல். புதியதைத் திறந்து இரு நாடுகளையும் தேர்ந்தெடுங்கள். பொருள்களில் ‘மெய்ஸ் அண்ட் ப்ராடக்ட்ஸ்’ என்பதைக் குறியுங்கள். அதன் எண் 2514. ஆண்டுகளைக் குறித்து, சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து எந்த அளவீட்டை எடுப்பது என்பதில்தான் நான் தவறினேன். ‘டொமெஸ்டிக் சப்ளை’ என்ற பெயரைப் பார்த்ததும் இதுதான் நாம் தேடுவது என்று தோன்றும். அது விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு மாற்றத்தையும் சரிசெய்து வரும் மொத்தம். கால்நடைத் தீவனம், விதை, சேதாரம், ஆலைப் பயன்பாடு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகிறது. அந்த மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்துவிட்டு, அமெரிக்கர்கள்தான் மக்காச்சோளத்தை அதிகம் உண்பவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

நமக்குத் தேவையானது ‘ஃபுட் சப்ளை குவான்டிட்டி’, அதாவது ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ என்ற வரி. கூடவே ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோகலோரி என்ற வரியையும் எடுங்கள். இரண்டையும் வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஆண்டுக்கு 100 கிலோ என்றால் நாளுக்கு 274 கிராம். மக்காச்சோளத்துக்குக் கிராமுக்கு 3 முதல் 3.6 கிலோகலோரி என்று வைத்தால், சுமார் 820 முதல் 990 வரை வர வேண்டும். உங்கள் கிலோ அளவுக்கும் இதே விகிதத்தில் கணக்கிடுங்கள். கோப்பில் உள்ள கிலோகலோரி எண் அதிலிருந்து வெகுவாக விலகினால் வேறு ஏதோ வரி கலந்துவிட்டது என்று பொருள். மெக்சிகோவுக்கு வரும் அளவு ஆண்டுக்கு 100 கிலோவைத் தாண்டும். டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியை அன்றாட உணவாகக் கொண்ட நாட்டுக்கு அது பொருந்துகிறது.

மொத்த அளவுகள் ஆயிரம் டன் கணக்கில் இருக்கும். 27,000 என்று கண்டால் அது 2.7 கோடி டன்.

கோப்பைத் திறக்க லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் போதும். எனக்கு அதுதான் பிடித்தது. திறக்கும்போதே எந்த நெடுவரிசையை எப்படிப் படிப்பது என்று கேட்கிறது. நாடு குறுக்கே, ஆண்டு நெடுக்கே வைத்துக் கோட்டு வரைபடம் போடுங்கள். தளத்திலேயே கிடைக்கும் வரைபடங்களை நான் நம்பியிருப்பதில்லை. எந்த வரியைக் காட்டுகின்றன என்பதை நம் கையால் உறுதிசெய்வதே நல்லது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். அது அதிகாரபூர்வ எண்ணா, மதிப்பீடா என்பதைச் சொல்லும். அந்த நெடுவரிசையைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இது மக்களுக்குக் கிடைக்கும் அளவுதான், உண்ட அளவு அல்ல. வீட்டில் வீணாவது இதில் கழிக்கப்படுவதில்லை. மக்காச்சோளத்திலிருந்து வரும் இனிப்புப் பாகும் எண்ணெயும் தனித்தனிப் பொருள்களாகவே பதிவாகின்றன. அமெரிக்காவின் எண் அவ்வளவு சிறியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்சேர்க்கை: 1990 முதல் வரைந்தபோது கோடு இடையில் திடீரென்று துள்ளுகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். இரு தொகுப்புகளையும் ஒட்டியதன் விளைவு அது. புதிய தொகுப்பின் கணக்கிடும் முறையே வேறு. 2010 முதல் 2013 வரை இரண்டிலும் எண்கள் இருப்பதால், அந்த ஆண்டுகளை அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அவற்றை இரண்டு தனிக் கோடுகளாகவே விடுங்கள்.

இன்னொருவர் சீனாவைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். பட்டியலில் ‘சைனா’ என்றும் ‘சைனா, மெயின்லேண்ட்’ என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. முதலாவதற்குள் இரண்டாவதும் அடக்கம். இரண்டையும் குறித்துக் கூட்டினால் ஒரே மக்காச்சோளம் இரண்டு முறை எண்ணப்படும். ஏதேனும் ஒன்றை மட்டும் எடுங்கள்.