1911 பிஸ்டல்: பழகுவதற்கு எந்த அளவை எடுப்பது?

வேலூரை அடுத்த எங்கள் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார் என்பதால், வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றி ஏதேனும் கேட்க வேண்டுமென்றால், என்னைப் போல் ஓய்வுபெற்று வந்தவர்களைத்தான் அழைக்கிறார்கள். டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் கேட்டான்: "மாமா, இங்க ரேஞ்சுல 1911 மூணு சைஸ்ல வாடகைக்குக் குடுக்குறாங்க. நான் புதுசுதானே, சின்னதையே எடுத்துக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். அதற்கான காரணங்களையும், அவனுக்குச் சொன்ன வழிமுறையையும் இங்கே எழுதுகிறேன். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எனவே இது வெளிநாட்டு ரேஞ்சுகளில் முறைப்படி சுடப் பழகுபவர்களுக்கானது.

முதலில் மூன்று அளவுகளையும் அறிந்துகொள்ளுங்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்று, 1985 வரை தன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. ராணுவத்தில் இருந்த அந்த முழு அளவுக்கு கவர்ன்மென்ட் என்று பெயர். அதன் குழல் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. அடுத்தது 4.25 அங்குலக் குழல் கொண்ட கமாண்டர். கடைசியாக வந்தது 3.5 அங்குல ஆபீசர்ஸ். கமாண்டரில் முன்பக்கம் மட்டும்தான் குட்டை, பிடி முழு அளவுதான். ஆபீசர்ஸில் பிடியின் நீளத்தையும் குறைத்துவிட்டார்கள். வாங்குபவர் பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

இரண்டாவதாக, கையில் பிடித்துப் பாருங்கள். குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்பு உறையான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை ரேஞ்சு ஊழியர் காட்டிய பிறகே வாங்குங்கள். விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும், குழல் குறிப்பலகைப் பக்கமே நோக்கட்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை, பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு ஏற வேண்டும். பிடியின் பின்னால் இருக்கும் சேஃப்டியை உள்ளங்கை முழுதாக அழுத்தாவிட்டால் 1911 சுடாது. பிறகு சுண்டுவிரலைப் பாருங்கள். அதற்குப் பிடியில் இடமில்லாமல் அடியில் தொங்கினால், ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் பிடி நழுவ, நீங்கள் மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டே இருப்பீர்கள்.

மூன்றாவது படியை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, இரு கைகளாலும் தோள் உயரத்தில் நீட்டிப் பிடியுங்கள். முழு இரும்பு கவர்ன்மென்டின் வெற்று எடை ஏறக்குறைய அவ்வளவுதான், 1.1 கிலோ. அரை நிமிடத்தில் கை நடுங்கினால் சின்னது போதும் என்று தோன்றும். அது தவறான முடிவு. 1911இல் வழக்கமாகப் போடும் பாயின்ட் 45 தோட்டாவின் ஈயக்குண்டு சுமார் 15 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர். அது வெளியேறும்போது வரும் உதையை இரும்பின் எடைதான் விழுங்குகிறது. எடை குறையக் குறைய உதை உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. நடுக்கத்துக்கு மருந்து தினமும் அந்தப் பாட்டிலைப் பிடித்துப் பழகுவதே.

அடுத்தது சிறு கணக்கு. குறிபார்க்க ஸ்லைடின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி கவர்ன்மென்டில் சுமார் 165 மி.மீ. முன்குறி அரை மி.மீ. விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 30 மி.மீ. விலகும். அந்த இடைவெளி 125 மி.மீ. ஆகக் குறைந்தால், அதே பிழைக்கு 40 மி.மீ. விலகும். கை பழகாதவருக்குத்தான் நீளமான பிஸ்டல் அதிகம் உதவுகிறது.

குட்டை ஸ்லைடுக்கு உள்ளே சுருள்வில் இறுக்கமாக இருக்கும். இழுக்கவும் கடினம், பிடி தளர்ந்தால் தோட்டா சிக்கவும் வாய்ப்புண்டு.

கடைசியாகச் சுட்டுப் பாருங்கள். கண்ணாடியும் காதுக்கவசமும் மாட்டிக்கொண்டு, ஒரே வகைத் தோட்டாவில், 7 கஜத் தொலைவில், பெரியதில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுடுங்கள். முதல் முறை, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். இடது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போகக் கூடாது. ஸ்லைடு பின்னோக்கி வரும்போது தோலைக் கிழித்துவிடும். இஷாப்பூரில் செய்த 9 எம்எம் பிஸ்டலைப் பல ஆண்டு கையாண்ட நானே, டல்லாஸில் ஆபீசர்ஸைச் சுட்டபோது மூன்றாவது தோட்டாவிலேயே பிடியை மாற்ற வேண்டியிருந்தது.

கவர்ன்மென்டின் முன்பக்கம் கனத்துத் தாழ்ந்துபோகிறது என்பவர்கள் கமாண்டருக்கு இறங்கலாம். உதைதான் சிக்கல் என்றால் அளவைக் குறைக்காமல், 5 அங்குலத்திலேயே 9 எம்எம் தோட்டாவுக்கான 1911ஐக் கேளுங்கள். தோட்டா விலையும் குறைவு. தங்கை மகன் இப்போது அதைத்தான் எடுத்திருக்கிறான்.