சேர்வராயன் மலையோடு பழகுவது எப்படி: வெளியூரிலிருந்து சேலம் வந்தவர்களுக்கு

வேலைக்காகவோ வாழ்க்கைப்பட்டோ சேலத்துக்கு வந்து, வருஷங்கள் போயும் ஊர் ஒட்டவில்லை என்றால் சேர்வராயன் மலைமேல் இருக்கிற ஏற்காட்டுக்குப் போங்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க வேண்டாம், ஒரே ஓர் இடத்தைப் பழகிக்கொண்டால் போதும். நான் திருவாரூர்ப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரைதான். அஸ்தம்பட்டிக்குக் குடிவந்த புதிதில் இந்த மலை எனக்கு வானத்தை மறைக்கிற சுவராகத்தான் தெரிந்தது. இப்போது துணி காயப்போட மாடிக்கு ஏறினால், முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ஏரி எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்கென்று ஓர் இடம் தேடுங்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம், உட்கார ஒரு கல், பக்கத்தில் வேலை செய்கிற மனிதர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும். மனிதர்கள் இருப்பதுதான் முக்கியம். யாரும் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நீங்கள் போன வாரம் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. என்னுடைய இடம் நாகலூர் போகிற வழியில் ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம்.

பஸ்ஸில் போங்கள், ஜன்னலோரம் உட்காருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த உயரம் முழுவதையும் ஏறிவிடுவோம். அடிவாரத்து முள்மரங்கள் விலகி, மூங்கில் வந்து, சில்வர் ஓக் தெரியத் தொடங்கும்போது காற்று கன்னத்தில் மாறும். அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிகிற அளவுக்குப் பழக வேண்டும்.

போகிற காலத்தைக் காப்பிச் செடியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி வெயிலில் மொட்டுகள் இறுகிக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், எட்டுப் பத்து நாளில் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த வாசனை ரோடு வரைக்கும் வரும். மூன்று நான்கு நாளில் பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும், அதனால் சனி ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சேலத்தில் கோடை மழை பெய்தால் நான் மலையில் தெரிந்தவர்களுக்குப் போன் செய்து கேட்பேன். "வியாழக்கிழமை வா கண்ணு, வெளுத்துடும்" என்பார் காப்பிப் பழம் பறிக்கிற அக்கா. அவர் கணக்குத் தப்பியதில்லை. பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு கட்டி, அது பழுத்துச் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பார்கள். பூவையும் பழத்தையும் ஒரே செடியில் பார்த்துவிட்டால் அந்தச் செடியை மறக்க முடியாது.

பெயர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து. எனக்கு மனசு லேசானது இதில்தான். காப்பியின் தாய்நாடு எத்தியோப்பியா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை இங்கே கொண்டுவந்தார். அதற்கு நிழல் தருகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதன் மேல் படர்கிற மிளகுக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள்கூட (கேரளத்து மலையாளிகள் இல்லை) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். இத்தனையும் வந்து வேர் பிடித்த மண்ணில், திருவாரூர்க்காரி என்று நான் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். மலை உச்சியில் குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். கூட்டத்தில் நின்று சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேளுங்கள். மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் காதில் விழுந்ததுதான்.

கையில் ஒரு பழைய உரச் சாக்கு இருக்கட்டும். உங்கள் இடத்தில் கிடக்கிற பாட்டிலையும் பிளாஸ்டிக் பையையும் அதில் பொறுக்கிக்கொண்டு இறங்குங்கள். தோட்டத்துக் காவல்கார அண்ணன் என்னிடம் முதலில் பேசியது அந்தச் சாக்கைப் பார்த்துத்தான். கேட்காமல் வேலியைத் தாண்டாதீர்கள், காப்பிப் பழம் பறிக்காதீர்கள், அது ஒருவருடைய கூலி. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பொழுது சாய்ந்தால் காட்டெருமைகள் தோட்டத்துக்குள் இறங்கும். எதிரே வந்துவிட்டால் போட்டோ எடுக்க நிற்காமல், சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து வழி விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுவது நல்லது.