ஆன்லைன் வகுப்பில் மாணவர் வாயை நாமே அடைக்கும் தவறுகள்

தொலைநிலைப் படிப்புக்குப் புள்ளியியல் பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களின் இணைய வகுப்புகளைச் சில வாரமாகக் கவனிக்கிறேன். 2020இல் நான் அடித்த அதே கூத்து. மியூட்டை எடுக்காமல் பேசுவதையெல்லாம் விட்டுவிடலாம், அது தானாகச் சரியாகிவிடும்.

விவாதப் பகுதியில் ஒற்றை விடைக் கேள்வி

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. "சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வேறுபாடு? ஒரு பதிவு, இரண்டு பதிலுரை, 5 மதிப்பெண்" என்று போட்டேன் (இடைநிலை என்பது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது). முதலில் வந்த மாணவி சரியாக எழுதிவிட்டார். அப்புறம் மற்றவர்கள் எழுத என்ன இருக்கிறது? அதையே சொல் மாற்றி எழுதினார்கள். பதிலுரைகளோ 'அருமை', 'நல்ல விளக்கம் தோழி'. பாதிக்கு மேல் கடைசி நாள் இரவில் வந்து குவிந்தவை. படித்து மதிப்பெண் போட இரண்டு ஞாயிறு போயிற்று.

அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். உங்கள் வீட்டின் கடைசி ஆறு மின்கட்டணத்தைப் போடுங்கள் (இணைப்பு எண் வேண்டாம்). வீட்டின் வழக்கமான செலவைக் காட்டுவது சராசரியா, இடைநிலையா? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில் ஓர் ஆண்டுக் கணக்கு. கோடையில் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அந்த ஒரு பில் சராசரியை மேலே இழுக்கும், இடைநிலை அவ்வளவாக அசையாது. "மாதாமாதம் பணம் எடுத்துவைக்கச் சராசரிதானே உதவும்?" என்று ஒருவர் மடக்க, சண்டை பிடித்துக்கொண்டது. பிழை கண்டாலோ மறுப்பு இருந்தாலோ மட்டும் பதிலுரை எழுதச் சொல்லியிருந்தேன். 'அருமை' ஒன்றுகூட வரவில்லை.

"புரிஞ்சுதா? சரி, அடுத்து..."

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன. அது நேரடி வகுப்பு. இங்கே மைக்கைத் தேடித் திறக்கவே அதைவிட நேரமாகும். நான் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கேமராவைப் போடச் சொல்லி மிரட்டுவது

வேண்டாம்.

குழு அறையில் பத்துப் பேர்

வகுப்பைப் பிரித்துப் பேசவிடும் இணைய அறையைச் சொல்கிறேன். இரண்டு பேர் பேசுவார்கள், எட்டுப் பேர் சாப்பிடப் போவார்கள். நாலு பேர் போதும்.

எல்லாச் சந்தேகத்துக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வது

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செமஸ்டர் முழுக்க, இரவு 11 மணிக்குக்கூட, உடனுக்குடன் பதில் போட்டேன். கடைசியில் அங்கே நானும் வகுப்புப் பிரதிநிதியும் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.