ரீஃபர்பிஷ்டு ஸ்விட்ச்: வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து மறுபடி விற்கும்) நின்டென்டோ ஸ்விட்ச் கேம் கருவி வாங்குவதானால், அதன் விலையோடு ஒரு ஜோடி புது ஜாய்-கான் (இருபக்கமும் மாட்டும் கன்ட்ரோலர்) விலையையும் கூட்டிப் பாருங்கள். அப்படியும் புதியதைவிட நன்றாகக் குறைந்தால் மட்டும் வாங்குங்கள். ஸ்விட்சில் பெரும்பாலும் முதலில் தேய்வது ஜாய்-கான் ஸ்டிக்தான். விரல் வைக்காமலே திரையில் ஆள் நகர ஆரம்பிப்பான். ஜாய்-கானைத் தனியாகக் கழற்றி மாற்றிவிடலாம். அப்புறம், சீரியல் எண் எக்ஸ்.கே.டபிள்யூ என்று தொடங்குகிறதா பாருங்கள். அது 2019-இல் வந்த மாடல், சார்ஜ் 4.5 முதல் 9 மணி நேரம் நிற்கும், முந்தையதில் 2.5 முதல் 6.5 தான்.

ஸ்விட்ச் லைட் என்ற சிறிய மாடலுக்கு இந்தக் கணக்கு உதவாது, அதில் கன்ட்ரோலரைக் கழற்றவே முடியாது. வாரன்ட்டி இல்லாமல் தனி ஆளிடம் வாங்குவதற்கும் பொருந்தாது: நின்டென்டோவின் ஆன்லைன் சேவையில் தடை செய்யப்பட்ட கருவியாக இருந்தால் புது ஜாய்-கான் போட்டும் பயனில்லை.