நீச்சல் தடாகத்தில் 'குளோரின் மணம்' தூக்கினால்

விடுமுறைக்குப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்து ஹோட்டல் தடாகங்களுக்குக் கூட்டிப் போகிறீர்களா? மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால், 'நல்லா மருந்து போட்டிருக்கினம்' என்று நிம்மதிப்படாதீர்கள். அது பெரும்பாலும் குளோரமைன்களின் மணம். குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரில் உள்ள யூரியாவோடும் சேரும்போது உருவாகும் துணைப்பொருள்கள் இவை. கண் எரிவதும் தடாகக் கரையில் இருமல் வருவதும் இவற்றால்தான், குறிப்பாக நீரிலிருந்து காற்றில் கலக்கும் டிரைகுளோரமைனால். மூடிய கட்டடத்துக்குள் இருக்கும் தடாகம் என்றால் இன்னும் மோசம். கீரிமலைக் கேணியில் ஊற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கும். தடாகத்திலோ அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நன்றாகக் குளித்தாலே உடம்பில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு நல்லெண்ணெய் வைத்திருந்தால் சவர்க்காரமும் வேண்டும். சின்னப் பிள்ளைகளை மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு அனுப்புங்கள் (பெரியவர்களும் போகலாம், தப்பில்லை).

வீட்டில் தடாகம் வைத்திருப்பவர்கள் மொத்தக் குளோரினையும் தனிக் குளோரினையும் (எதோடும் சேராமல் மிஞ்சியிருக்கும் குளோரின்) அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமைன்களாக மாறிய குளோரின்; அது லீற்றருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டினால், தண்ணீரில் ஒரு பங்கை மாற்ற வேண்டும்.