வெளியாட்களிடம் தீர்வு கேட்பது எப்படி? சிறிய தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் தொழில் அரைத்த தோசை மா. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக் கடைகளுக்குப் போகிறது. தோசை மா பிரிட்ஜுக்குள் இருந்தாலும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும். லூக்கோனொஸ்டொக் என்ற பக்டீரியா காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்க, பை ஊதி, சீல் பிய்ந்து, கடைக்காரரின் தட்டெல்லாம் மா. இதை எங்கள் நாலு சுவருக்குள் இருந்து தீர்க்க முடியவில்லை. தீர்வில் ஒரு பகுதி கோப்பி வறுத்து விற்கும் ஒருவரிடமிருந்தும், ஒரு பகுதி கம்பஸ் மாணவிகளிடமிருந்தும், கடைசிப் பகுதி கடையில் சாமான் அடுக்கும் ஒரு தம்பியிடமிருந்தும் வந்தது.

இதற்குப் பெயர் திறந்த புத்தாக்கம். 2003இல் ஹென்றி செஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் பெயரைப் பரப்பினார். யோசனை வெளியிலிருந்து உள்ளே வரலாம், உள்ளே சும்மா கிடக்கும் யோசனை வெளியே போய்ப் பணமாகவும் ஆகலாம், அவ்வளவுதான் விஷயம். பெரிய கொம்பனிகளின் கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உதாரணமாக, பிரிங்கிள்ஸ் சிப்ஸில் எழுத்து அச்சிடும் முறையை புரொக்டர் அன்ட் கேம்பிள் இத்தாலியின் பொலோனியா நகரில் ஒரு சின்ன பேக்கரியிடம் கண்டெடுத்தது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பேக்கரிக்காரரின் பக்கம்தான், ஏனென்றால் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிறவர்களாக மட்டும் இல்லை, கொடுக்கிறவர்களாகவும் இருக்கலாம்.

2016இல் வந்த இலங்கை அரசாங்கக் கொள்கைப்படி உற்பத்தித் துறையில் 11 முதல் 50 பேர் வரை வேலை செய்தால் சிறிய தொழில், 51 முதல் 300 வரை என்றால் நடுத்தரம். நான் எழுதுவது சிறிய பக்கத்தில் இருப்பவர்களுக்கு. ஆராய்ச்சிப் பிரிவு கிடையாது, வக்கீல் கிடையாது, முதலாளியே டெலிவரி லொறியும் பார்ப்பார், அப்படியான இடங்களுக்கு.

படி 1: ஒரே ஒரு பிரச்சினை, அரைப் பக்கம்

“எங்கள் பொதியிடலை மேம்படுத்த வேண்டும்” என்று எழுதினால் ஒருவரும் பதில் தர மாட்டார்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: “1 கிலோ பை. 4 பாகையில் வைத்தாலும் மூன்றாம் நாள் சீல் விடுகிறது. ஆறு நாள் தாங்க வேண்டும். இப்போதுள்ள சீல் மெஷினை மாற்ற முடியாது. பை ஒன்றுக்கு இத்தனை ரூபாவுக்கு மேல் செலவு கூடக் கூடாது.” எது முடியாது என்பதையும் எழுதுங்கள், அதுதான் மிக முக்கியம். எல்லை தெரியாதவர்கள் உங்களிடம் புது மெஷின் வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கொழும்பில் இதை மூன்று மொழியிலும் வைத்திருங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆங்கிலம், பொதியிடல் பொருள் விற்பவருக்கும் கந்தோர்களுக்கும் பெரும்பாலும் சிங்களம், உங்கள் ஆட்களுக்குத் தமிழ். கூகுள் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம், சிங்களம் தெரிந்த ஒருவர் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

படி 2: எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

எங்களை அதிக காலம் இழுத்தடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வுகூடத்திலோ கம்பஸிலோ சோதனைக்குக் கேட்டுப் போனால் முதல் கேள்வியே “கலவை என்ன?” என்பதாகத்தான் இருக்கும். எந்த அரிசி, உழுந்து எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊறல், எவ்வளவு தண்ணீர். ஆனால் எங்கள் தொழிலே அந்தக் கலவைதான். அதைக் கொடுத்தால் அடுத்த தெருவில் இன்னொரு மா ஆலை வரும் என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும். கொடுக்காவிட்டால் எப்படி உதவுவது என்று அவர்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான். பேச்சு அங்கேயே நின்றுபோனது.

வழி என்னவென்றால், ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, அந்தப் பிரச்சினையைத் தீர்க்க உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பை ஊதுவதற்கு அரிசியின் பெயர் தேவையா? தேவையில்லை. ஒரு கிலோ மாவிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு வாயு வருகிறது, புளிப்பு அளவு எவ்வளவு, எந்த வெப்பநிலை, பைக்குள் மா நிரம்பாத இடம் எவ்வளவு, இவை போதும். ஆகவே செய்முறையைக் கொடுக்காமல், அரைத்து முடித்த மாவைக் கொடுத்தோம். அதிலிருந்து அவர்களே அளந்துகொண்டார்கள். சொல்லக் கூடாத பக்கத்தில் கலவை, சப்ளையர் விலை, கடைகளின் பட்டியல் என மூன்றே வரிதான் மிஞ்சியது. நாங்கள் பாதுகாத்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை இரகசியமே இல்லை என்பது அப்போதுதான் தெளிவானது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதை இரகசியமாக வைத்திருக்க நீங்கள் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். கலவைத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் பிறகு இரகசியம் என்று வழக்குப் பேச முடியாது. தாளில் “இரகசியம்” என்று எழுதுங்கள், யாரிடம் பிரதி இருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

படி 3: கேட்கும் முன் தேடுங்கள், பிறகு இந்த இடங்களுக்குப் போங்கள்

உங்கள் பிரச்சினைக்கு யாராவது ஏற்கெனவே தீர்வு கண்டு ஆக்கவுரிமை (பேடன்ட்) பதிந்திருக்கிறார்களா என்று இணையத்தில் பாருங்கள். கூகுள் பேடன்ட்ஸ் இலவசம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தேடுதளம் இன்னும் ஒழுங்கானது, ஆனால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். ஆக்கவுரிமை என்பது நாட்டுக்கு நாடு தனி, இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அதாவது காலம் முடிந்ததையும் இலங்கையில் பதியப்படாததையும் நீங்கள் இங்கே பயன்படுத்தலாம். பதிவு இருக்கும் நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதென்றால் மட்டும் கவனம். கோப்பிப் பைகளில் இருக்கும் சின்ன வால்வு, உள்ளேயிருந்து வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாது, அது 1960களிலேயே இத்தாலியில் வந்துவிட்டது. வறுத்த கோப்பியும் காபனீரொட்சைட்டு விடும், எங்கள் மாவும் விடும். கோப்பிக்காரர் தன் பையைக் கையில் தந்து “இதைப் பாருங்களேன்” என்றது அப்படித்தான்.

ஆகவே என் முதல் சிபாரிசு நிறுவனம் எதுவும் இல்லை, வேறு தொழிலில் அதே தொல்லை உள்ள ஆள். உங்களோடு போட்டி இல்லாததால் மனம் திறந்து பேசுவார், காசும் கேட்க மாட்டார்.

அடுத்து பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், எல்லோரும் ஐ.ரி.ஐ. என்பார்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு, முதலில் கொட்டேஷன் கேளுங்கள். உணவுப் பொருளின் ஆயுளை நீட்டிச் சொல்வதென்றால் சுகாதாரப் பரிசோதகர் கேட்கும்போது காட்ட ஒரு ஆய்வுகூட அறிக்கை வேண்டும், அதற்கு இந்த இடம் நல்லது. மெஷின் சம்பந்தப்பட்டது என்றால் ஏக்கலையில் நேர்ட் என்ற தேசிய பொறியியல் ஆராய்ச்சி நிலையம். துணி, இறப்பர், பூச்சு மாதிரியான பொருட்களுக்கு ஹோமாகமவில் ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப நிறுவனம், ஆனால் அது சிறிய தொழிலுக்கு ஆரம்ப இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பல்கலைக்கழகங்களில் தொழில்துறையோடு தொடர்பு வைக்கத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே மின்னஞ்சல் போடுங்கள், கூடவே அந்தத் துறையில் படிப்பிக்கும் விரிவுரையாளருக்கும் நேரடியாக எழுதுங்கள். இரண்டாவதற்குத்தான் பதில் சீக்கிரம் வரும். இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு எப்போது முடிவாகும் என்று முதலிலேயே கேளுங்கள், அந்த வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த அணி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 4: தேநீர் குடிக்கும் முன் தாள்

புரிந்துணர்வு உடன்படிக்கை என்ற பெயரில் கையெழுத்திட்டுப் போட்டோ எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் யார் எதைச் செய்வது என்று ஒன்றும் இருக்காது, ஆனால் கையெழுத்தாக மட்டும் மாதக்கணக்கில் இழுபடும். இரண்டு பக்கத்தில் ஒரு வேலைக் கடிதம் போதும், அதில் இந்த நாலு விஷயமும் இருக்கட்டும்.

உங்களிடம் ஏற்கெனவே இருந்தது உங்களுடையது, அவர்களிடம் இருந்தது அவர்களுடையது. சேர்ந்து செய்ததில் புதிதாக வந்தது யாருக்கு, எந்தத் துறையில் பயன்படுத்த. இரகசியம் எத்தனை வருடம். கட்டுரையாக வெளியிடுவது எப்படி.

கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். மாணவர்களுக்கு ஆய்வரங்கில் பேச வேண்டும், அவர்களின் பட்டத்துக்கு அது தேவை, அதைத் தடுப்பது சரியில்லை. ஆனால் ஒருவர் மேடையில் ஏறி உத்தியை விளக்கிவிட்டால் ஆக்கவுரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடலாம். இலங்கைச் சட்டத்தில் விண்ணப்பதாரர் தானே வெளியிட்டிருந்தால் ஒரு வருட அவகாசம் உண்டு, ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஆகவே “வெளியிடுவதற்கு 30 நாள் முன் எங்களுக்குக் காட்டுவது” என்று ஒரு வரி போட்டோம். அதை யாரும் மறுக்கவில்லை. எங்கள் விஷயத்தில் ஆக்கவுரிமைக்கே போகவில்லை, வால்வு பழையதுதானே. வணிகக் குறியைத்தான் பதிந்தோம், அது 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பதியும் இடமான புலமைச் சொத்துக் கந்தோர் கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் இருக்கிறது. சின்ன உணவுத் தொழிலுக்கு ஆக்கவுரிமையைவிடப் பெயரும் இரகசியமும்தான் சோறு போடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, ஆய்வு முடிந்ததும் குறிப்புப் புத்தகத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு படித்த பிள்ளைகள் வெளிநாடு போவது கூடிவிட்டது. ஆள் போனால் அறிவும் கூடவே போய்விடும்.

படி 5: உள்ளே யார் எடுத்துச் செய்வது?

யோசனை கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. அதை நம் ஆலைக்குள் இறக்க ஒருவருக்கு நேரம் ஒதுக்காவிட்டால் அறிக்கை லாச்சிக்குள்தான் கிடக்கும். வாரத்தில் அரை நாள் என்றாலும் ஒருவருடைய பெயரில் எழுதி வையுங்கள், அது முதலாளியாக இருக்க வேண்டாம்.

ஆட்களுக்கு முதலிலேயே சொல்லுங்கள். அரைக்கும் பகுதியைப் பார்க்கும் அண்ணன், ஹட்டன்காரர், “அப்ப இவ்வளவு காலமும் நாங்க செஞ்சது சரியில்லையா மிஸ்?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் எந்தப் பரிசோதனையும் தொடங்க வேண்டாம் என்று முடிவெடுத்து, அவரையே அளவு எடுக்கும் வேலைக்குப் போட்டோம். மா எப்போது பொங்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஆய்வுகூடத்துக்கே தெரியாது.

வால்வு வைத்த பிறகும் சில பைகள் ஊதின. ஈர மா உள்ளே ஏறி வால்வை அடைத்திருந்தது. ஏன் சிலது மட்டும் என்று யாருக்கும் புரியவில்லை. வெள்ளவத்தைக் கடையில் சாமான் அடுக்கும் தம்பிதான் சொன்னார்: “படுக்க வச்சாத்தான் அக்கா ஊதுது, நிமித்தி வச்சது ஒண்டும் ஊதேல்ல.” பிறகு வால்வை மேல் விளிம்புப் பக்கம் ஏற்றி, பையின் அடியை நிற்கக்கூடிய மாதிரி மாற்றினோம். விற்கும் இடத்தில் நிற்பவர்களையும் இந்த வேலைக்குள் சேருங்கள், யோசனைக்கு ஏதாவது கொடுங்கள். அவருக்குக் கொடுத்தோம், அவர் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தோம்.

படி 6: குறைந்தபட்ச ஓடர்

வால்வு வைத்த பை வேண்டும் என்று புறக்கோட்டையில் விசாரித்தால், எங்களால் ஒரு வருடத்திலும் முடிக்க முடியாத எண்ணிக்கையைச் சொன்னார்கள். கடைசியில் மா விற்கும் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து வெற்றுப் பையை ஒன்றாக ஓடர் பண்ணி, அவரவர் ஸ்டிக்கரை அவரவர் ஒட்டுகிறோம். போட்டிக்காரரோடு சேர்வதா என்று வீட்டில் சண்டைகூட வந்தது. பை பொது, மா தனி, விலை பற்றிப் பேச்சே இல்லை. இந்த மூன்றையும் தாளில் எழுதினால் நடக்கும்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

யாழ்ப்பாணத்திலிருந்து பனம் பொருள் செய்யும் ஒருவர் கொழும்புக்கு வரத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தார். தேவையில்லை, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

ஒருவர் அரைப் பக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டு, குவிந்த குரல் பதிவுகளைக் கேட்டே களைத்துவிட்டதாக எழுதினார். குழுவில் பிரச்சினையை மட்டும் போட்டு, பதிலுக்கு கூகுள் ஃபோம் இணைப்புக் கொடுங்கள். மூன்று கேள்வி போதும்: என்ன செய்யச் சொல்கிறீர்கள், எங்கே செய்து பார்த்தீர்கள், எவ்வளவு செலவு. இரண்டாவதற்குப் பதில் இருப்பவர்களுக்கு மட்டும் முதலில் கோல் எடுங்கள். ஃபோமின் மேலேயே “இங்கே எழுதுவதை நாங்கள் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் இன்னது தருவோம்” என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் யாருடைய யோசனை என்று பிரச்சினை வரும்.

மாதிரி கொண்டுபோவது பற்றியும் கேட்டார்கள். தோசை மாவை முச்சக்கரவண்டியில் மத்தியான வெயிலில் கொண்டுபோனால் வழியிலேயே புளித்துவிடும், அளவெல்லாம் மாறிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து, அரைத்த நேரத்தைப் பையில் எழுதி, காலையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.